அடக்க வேண்டியவையும் அடக்கக் கூடாதவையும்: அன்றாட மன அழுத்தத்திற்கு ஆயுர்வேதம் கூறும் வழி

மன அழுத்தம் என்ற சொல் இன்று பாடசாலைப் பிள்ளைகளின் வாயிலும் வருகின்றது. முன்னோர் இதனை மனக்கவலை, ஏக்கம், மனவுளைச்சல் எனப் பல பெயர்களால் அறிந்திருந்தனர். கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் சீலி என்னும் விஞ்ஞானி 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையே இவ்விடயத்தில் நவீன ஆய்வுகளுக்கு வழி திறந்தது எனலாம். உடலுக்கு எந்த வகையான துன்பம் நேர்ந்தாலும் அது ஏறக்குறைய ஒரே விதமாகவே பதில் அளிக்கின்றது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆபத்து வரும்போது இதயம் வேகமாக அடிக்கின்றது, இரத்த அழுத்தம் ஏறுகின்றது, பசி அடங்குகின்றது, நித்திரை விலகுகின்றது. ஆபத்து நீங்கியதும் இவை யாவும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதுவே இயற்கை.

ஆனால் இன்றைய ஆபத்துக்கள் பல நீங்குவதில்லை. மாவடிப்பள்ளி வட்டைக்குள் இரவில் யானை வந்தால் பயம் வரும். யானை போனதும் பயமும் போய்விடும். வங்கியிலிருந்து வந்த கடிதம் அப்படிப் போவதில்லை. அது மேசையில் கிடந்து இரவு முழுவதும் மனிதனை விழித்திருக்கச் செய்கின்றது. வேளாண்மை வெட்டும் நேரத்தில் பிடிக்கும் மழை, நெல்லின் விலை, பசளையின் விலை, பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை, மத்திய கிழக்கு நாடொன்றில் வேலைக்குச் சென்ற மகளிடமிருந்து வராத அழைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் கவலைகள் உடலை எந்நேரமும் யானையின் முன் நிற்கும் நிலையிலேயே வைத்திருக்கின்றன.

காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் இக்கரையோர ஊர்களுக்கு இவற்றுக்கு மேலான பாரமும் உண்டு. 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியை முதியோர் இன்றும் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி சுனாமி பறித்த உயிர்கள் இல்லாத குடும்பங்கள் கடற்கரைப் பக்கத்தில் குறைவு. முப்பதாண்டு யுத்தமும் இடையில் கடந்தது. 2024 நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவு அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் குறுக்கறுத்தபோது, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு இளம் உயிர்கள் பல பறிபோயின. இத்தகைய மண்ணில் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது, வெளிநாட்டு உல்லாசப் பயணிகளுக்கு விடுதிகளில் செய்யப்படும் எண்ணெய்ச் சிகிச்சையை விபரித்துவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாது.

சரகர் வகுத்த இரண்டு பட்டியல்கள்

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்னும் முதற் பகுதியின் ஏழாம் அத்தியாயம் இவ்விடயத்தில் ஊன்றிப் படிக்கத்தக்கது. அங்கே மனிதனுக்குள் எழும் வேகங்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. முதலாவது வகை எக்காரணம் கொண்டும் அடக்கக் கூடாதவை. அவை பதின்மூன்று. மலம், சலம், தும்மல், ஏப்பம், கொட்டாவி, வாந்தி, பசி, தாகம், நித்திரை, உழைத்த களைப்பில் வரும் மூச்சு வாங்கல் முதலியவற்றோடு கண்ணீரும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றது. இரண்டாவது வகை அடக்கியே ஆகவேண்டியவை. பேராசை, பயம், கோபம், பொறாமை, அகங்காரம், துக்கத்தில் மூழ்கிக் கிடத்தல் போன்ற மனத்தின் வேகங்கள் அவை. கடுஞ்சொல்லும், பொய்யும், கோள் சொல்லலும் வாயின் வேகங்களாக இவற்றுடன் சேர்க்கப்பட்டுள்ளன.

சற்று நிதானித்துப் பார்த்தால், இன்றைய வாழ்க்கை இவ்விரண்டு பட்டியல்களையும் தலைகீழாக மாற்றிவிட்டது என்பது விளங்கும். பசியையும் நித்திரையையும் அடக்குகிறவர் சுறுசுறுப்பானவர் என்று பாராட்டப்படுகிறார். கண்ணீரை அடக்குகிறவர் ஆண்மகன் எனப்படுகிறார். கோபத்தை மட்டும் யாரும் அடக்குவதில்லை. அலுவலகத்தில் அடங்கியிருந்த கோபம் வீட்டு வாசலைத் தாண்டியதும் மனைவி மீதும் பிள்ளைகள் மீதும் இறங்குகின்றது.

கண்ணீரை அடக்குவதால் சளிப்பீனிசம், கண்நோய், இருதய நோய், உணவில் வெறுப்பு, தலைச்சுற்று என்பன உண்டாகும் என்று அந்நூல் கூறுகின்றது. அதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படுபவை நித்திரையும், மனதுக்கு இனிய பேச்சும் ஆகும். மதுவும் அந்த இடத்தில் ஒரு பரிகாரமாகச் சொல்லப்பட்டுள்ளது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மாத்திரம் பிடித்துக்கொள்ள விரும்புவோர், அதே நூலின் சிகிச்சைப் பகுதியில் மதுவினால் வரும் நோய்களுக்கென்றே தனி அத்தியாயம் ஒன்று இருப்பதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

செத்த வீட்டில் கூடியிருந்து ஒப்பாரி வைப்பதும், எட்டு வரை உறவினர் மாறி மாறி வந்து பக்கத்தில் இருப்பதும் வெறும் சம்பிரதாயம் என்று படித்தவர்கள் சிலர் நினைக்கின்றனர். அவை கண்ணீருக்கு இடங்கொடுத்த ஏற்பாடுகள். சுனாமியில் உடல் கூடக் கிடைக்காத குடும்பங்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் கடலின் இரைச்சல் கேட்டால் நெஞ்சு படபடக்கின்றது என்று சொல்பவர்களை "இன்னுமா?" என்று கேட்பது தவறு.

நித்திரையும் பசியும்

உணவு, நித்திரை, ஒழுக்கக் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் உடலைத் தாங்கும் துணைத் தூண்கள் எனச் சரகர் கூறுவார். மூன்றில் இன்று முதலில் சாய்ந்திருக்கும் தூண் நித்திரையே.

வயலில் இரவுக் காவல் இருப்பவர்களுக்கும் வைத்தியசாலைகளில் இரவுக் கடமை செய்பவர்களுக்கும் நித்திரை கெடுவது தவிர்க்க முடியாதது. இரவு விழித்தவர் மறுநாள் காலையில், சாப்பிடுவதற்கு முன்னர், விழித்த நேரத்தில் பாதியளவு உறங்கலாம் என்று ஆயுர்வேத நூல்கள் அவர்களுக்கு வழி காட்டுகின்றன. மற்றவர்களுக்குப் பகல் நித்திரை கோடை காலம் தவிர்ந்த ஏனைய காலங்களில் உகந்ததன்று. காவலும் கடமையும் இல்லாதவர்களின் நித்திரையைக் கெடுப்பது பெரும்பாலும் கைத்தொலைபேசியே. அதன் வெளிச்சம் மூளைக்குப் பகல் என்ற செய்தியைக் கொடுப்பதால் நித்திரைக்குரிய சுரப்பு தாமதமாகின்றது. பிள்ளைகளின் தொலைபேசியைப் பறிக்கும் பெற்றோர் தமது தொலைபேசியையும் அதே அலுமாரியில் வைத்தால் பலன் கூடும்.

பசியின் விடயத்தில் பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அனைவருக்கும் சமைத்து அனுப்பிவிட்டு, பதினொரு மணி வரை வெறுந்தேநீருடன் நிற்கும் தாய்மார் எத்தனையோ பேர். பசியை அடக்குவதால் உடல் மெலிவு, சோர்வு, உடல் நோவு, தலைச்சுற்று என்பன வரும் எனச் சரகர் சொல்வது இவர்களைப் பார்த்து எழுதியது போன்று உள்ளது. இதற்கு அவர் கூறும் மருந்து எளிமையானது: இளஞ்சூடான, சிறிது நெய்ப்புள்ள, இலகுவாகச் செரிக்கும் உணவு. பச்சையரிசிக் கஞ்சி, தேங்காய்ப்பால் சேர்த்த இலைக்கஞ்சி, பயறு அவியல் என்பன இதற்குப் போதுமானவை. வல்லாரை, முசுட்டை, பொன்னாங்காணி என்பன வேலியோரத்திலும் வயல் வரம்பிலும் கிடைக்கின்றன. இரவு உணவை நேரத்துடன், வயிறு முட்டாமல் உண்பது நித்திரைக்கு உதவும். மட்டக்களப்பு அம்பாறைப் பக்கத்து எருமைத் தயிரின் சுவை நாடறிந்தது. ஆனால் இரவில் தயிர் உண்ணக்கூடாது என்பதில் பழைய நூல்கள் மிகவும் கண்டிப்பாக உள்ளன.

விரதம் பசியை அடக்குவதாகாதா என்று அடியார்கள் கேட்கலாம். முன்னரே மனத்தையும் உடலையும் தயார்படுத்தி, குறித்த நாளில் குறித்த முறையில் இருக்கும் விரதம் வேறு, வேலைப்பளுவினால் நாள்தோறும் உணவைத் தள்ளிப்போடுவது வேறு. ஆயினும் சீனி வருத்தத்திற்குக் குளிசை எடுப்பவர்கள், இன்சுலின் ஏற்றுபவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் முழு உபவாசம் இருப்பது ஆபத்தானது. திருவிழாக் காலத்தில் ஆலய வாசலில் மயங்கி விழுபவர்களில் இத்தகையவர்களும் உண்டு.

எண்ணெய் முழுக்கு

உடலில் எண்ணெய் தேய்ப்பதை ஆயுர்வேதம் அப்பியங்கம் என்று அழைக்கின்றது. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம் அதனை நாள்தோறும் செய்யச் சொல்கின்றது. விசேடமாகத் தலை, காது, உள்ளங்கால் ஆகிய மூன்று இடங்களையும் குறிப்பிடுகின்றது. களைப்பும் வாதமும் தணியும், நித்திரை நன்கு வரும் என்பன அதன் பலன்கள். அநுராதபுரத்துக்கு அருகே மிகிந்தலையில் உள்ள பழைய வைத்தியசாலையின் இடிபாடுகளில், மனித உருவின் வடிவில் குடையப்பட்ட கல் மருந்துத் தொட்டி ஒன்றை இன்றும் காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நோயாளரை மருந்து நீரிலோ எண்ணெயிலோ கிடத்திச் சிகிச்சை செய்த நாடு இது.

இன்று பலருக்கு வருடத்தில் ஒரு நாள் தீபாவளிக்கு மட்டுமே எண்ணெய் முழுக்கு. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என முன்னோர் நாள் வகுத்திருந்தனர். கிழமையில் ஒரு தடவையாவது இதனை மீண்டும் தொடங்கலாம். நல்லெண்ணெய் மூன்று நான்கு மேசைக்கரண்டி போதும். எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து இளஞ்சூடாக்கி, உச்சி, நெற்றிப் பொட்டு, பிடரி, தோள், முதுகு, கை கால் மூட்டுகள், உள்ளங்கால் என அவசரமின்றித் தேய்த்து, அரை மணி நேரம் இருந்து, சீயாக்காயோ அவித்த தேசிக்காயோ பயற்றமாவோ தேய்த்து வெந்நீரில் முழுக வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் வேறு வேலை செய்யாமல் இருப்பதிலேயே பாதிப் பலன் உள்ளது. முதுகுக்கு எட்டாது என்பதால் வீட்டில் இன்னொருவரின் கை தேவைப்படும். தாய் பிள்ளைக்கும், பேரன் தாத்தாவுக்கும் தேய்த்துவிட்ட காலத்தில் வீட்டில் கதைப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

தினமும் முழுகுவதற்கு நேரமில்லாதவர்கள் இரவில் கால் கழுவித் துடைத்து உள்ளங்காலில் மட்டும் எண்ணெய் தேய்த்துப் படுக்கலாம். நித்திரை வராதவர்களுக்கு இது மிகவும் உகந்தது. துடைக்காமல் எழுந்து நடந்தால் வழுக்கும் என்பதை வயோதிபர்கள் கவனிக்க வேண்டும். காய்ச்சல், சளி, செரியாமை உள்ள நாட்களில் எண்ணெய் தேய்க்கக்கூடாது. நீரிழிவினால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்களின் எண்ணெயின் சூட்டை வேறொருவர் பார்க்க வேண்டும். காதில் நோவோ சீழோ உள்ளவர்கள் காதுக்குள் எண்ணெய் விடுவது கூடவே கூடாது.

சித்திரை வருடப்பிறப்பன்று ஆலயத்தில் வழங்கப்படும் மருத்துநீரும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கதாகும். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய அந்நீரைத் தலையில் வைத்து, பஞ்சாங்கம் கூறும் இலைகளைத் தலையிலும் காலிலும் வைத்து முழுகும் வழக்கம் இலங்கைத் தமிழரிடையே இன்றும் உள்ளது. சிங்கள மக்களும் புத்தாண்டை அடுத்துத் தலைக்கு எண்ணெய் வைக்கும் சடங்கைச் சுபவேளை பார்த்துச் செய்கின்றனர். வருடத்தின் தொடக்கத்தில் மூத்தவர் ஒருவர் இளையவரின் தலையில் கை வைத்துத் தேய்ப்பது இரு வழக்கங்களிலும் பொதுவானது.

குளிர்த்தி

சரகர் சிகிச்சைகளை மூன்றாக வகுத்தார். மந்திரம், வழிபாடு, நேர்த்தி போன்ற தெய்வத்தைச் சார்ந்த சிகிச்சை ஒன்று. மருந்தும் உணவும் கொண்டு செய்யும் சிகிச்சை மற்றொன்று. தீங்கான எண்ணங்களிலிருந்து மனத்தை மீட்டெடுப்பது மூன்றாவது. இதனைச் சத்துவாவசயம் என்பர். இன்றைய உளவளத்துணை இம்மூன்றாவதற்கு மிக நெருக்கமானது.

மட்டக்களப்பு அம்பாறைக் கரையோரத்தில் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுகூடும் இடம் வைகாசிக் கண்ணகி சடங்காகும். காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களின் கண்ணகி ஆலயங்களில் கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, வழக்குரை பாடி, இறுதியில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்விக்கின்றனர். நீதி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் துக்கமும் கோபமும் இரவிரவாகப் பாடிக் கேட்கப்படுகின்றன. அவளைப் பார்த்து "அழாதே, கோபப்படாதே" என்று யாரும் சொல்வதில்லை. முழுக் கதையையும் கேட்ட பின்னரே குளிர்விக்கின்றனர். மனவுளைச்சல் உள்ள ஒருவரை வீட்டார் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு இதனை விடச் சிறந்த முன்மாதிரி கிடைப்பது அரிது. முதலில் கேட்க வேண்டும். ஆலோசனை பிறகு.

மருந்து வாங்குமுன்

பரிசாரிமாரின் வைத்தியம் இப்பிரதேசத்தில் சாதி சமய வேறுபாடின்றி நடந்து வந்தது. தமிழ்ப் பரிசாரியாரிடம் முஸ்லிம்களும், முஸ்லிம் பரிசாரியாரிடம் தமிழர்களும் சென்றனர். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் சித்தம், யுனானி, சுதேச வைத்தியம் ஆகியவற்றை அடக்கியே பொருள் கொள்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. நிந்தவூரில் தொற்றா நோய்களுக்கான ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை உள்ளது. ஆகவே ஆயுர்வேத மருந்து தேவையானோர் பதிவு பெற்ற வைத்தியரை நாடுவதில் சிரமமில்லை.

சிரமம் வேறிடத்தில் உள்ளது. பெயர் ஒட்டாத போத்தலிலும் பொட்டலத்திலும் "நரம்புத் தளர்ச்சிக்கு", "மன அமைதிக்கு" என்று விற்கப்படும் தூள்களையும் லேகியங்களையும் மக்கள் கேள்வியின்றி வாங்குகின்றனர். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகள் பரிசோதிக்கப்பட்டன. ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகியவற்றுள் ஏதேனும் காணப்பட்டது. அமுக்கிராக்கிழங்கு மன அழுத்தத்தையும் நித்திரையின்மையையும் ஓரளவு குறைக்கின்றது எனச் சிறிய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. அதேவேளை ஈரல் பாதிப்பு ஏற்பட்ட சம்பவங்களும் பதிவாகியுள்ளன. டென்மார்க் நாடு 2023இல் அதனை உணவுப் பொருட்களில் தடை செய்தது. கர்ப்பிணிகளும், தைரொயிட் நோய்க்கு மருந்தெடுப்போரும், ஈரல் நோயுள்ளோரும் அதனைத் தாமாக எடுக்கக்கூடாது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சு சரியன்று. வேலை செய்யும் எந்தப் பொருளும் பிழையாகவும் வேலை செய்யக்கூடும்.

எல்லா மனத்துயரமும் எண்ணெயாலும் கஞ்சியாலும் தீர்வதில்லை. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் பசியும் இன்றி, எதிலும் விருப்பமின்றி ஒருவர் ஒதுங்கி இருந்தாலோ, "நான் இருந்து என்ன பலன்" என்று கதைத்தாலோ அது அன்றாட அழுத்தம் அன்று. அவரை அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். இது பைத்தியத்துக்குரிய இடம் என்ற கூச்சம் இன்னும் சிலரிடம் உள்ளது. அக்கூச்சம் உயிர்களை வாங்கியிருக்கின்றது. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கடும் நச்சுடைய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின்னர் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதபோது அந்த வேகம் கடந்து போகின்றது, மனிதர் பிழைத்துக்கொள்கின்றனர் என்பதே இதன் பொருள். வயலுக்கு வாங்கிய மருந்தை வீட்டு அசோக்கையிலும் கட்டிலுக்கடியிலும் வைக்காமல், பூட்டுள்ள பெட்டியில் வைத்துத் திறப்பை ஒருவர் பொறுப்பில் வைப்பது விவசாயக் குடும்பங்கள் இன்றே செய்யக்கூடிய காரியம். இரவு நேரத்தில் அவசரமாகக் கதைப்பதற்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் உள்ளது.

ஆயுர்வேத வைத்தியரிடம் செல்வோர், ஆங்கில வைத்தியத்தில் எடுக்கும் பிரஷர், சீனி, உளநலக் குளிசைகளைத் தாமாக நிறுத்திவிட்டுச் செல்லலாகாது. சாய்சாலைக் கொப்பியையும், வீட்டில் உள்ள குளிசைகளை உறையோடும் கொண்டு செல்ல வேண்டும். வைத்தியரின் பதிவு இலக்கத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. கொடுக்கும் மருந்தின் பெயர், எத்தனை நாள், என்ன பத்தியம் என்பவற்றை ஒரு துண்டில் எழுதி வாங்கி, அதே கொப்பியினுள் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை சாய்சாலைக்குப் போகும்போது அங்குள்ள வைத்தியரும் அதனைப் பார்க்க வேண்டியிருக்கும்.